குளச்சல் கரைக்கு ஒரு குட்டிப் படை: தீம் ஆர்மி கட்டத் தொடங்குவோருக்கு

மினியேச்சர் வார்கேமிங் என்பது மேசை மேல் நடக்கும் போர் விளையாட்டு. ஆளுக்கொரு குட்டிப் படை, ஒரு அளவு நாடா, கைநிறையப் பகடைகள், இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட விதித்தொகுப்பு ஒன்று. இவ்வளவுதான் தேவை. இதில் சதுரங்கத்தின் கட்டங்கள் கிடையாது. காலாட்படை ஆறு அங்குலம் நகரலாம் என்று விதி சொன்னால் நாடாவால் அளந்து நகர்த்துவார்கள். சுட்ட குண்டு பட்டதா என்பதைப் பகடை முடிவு செய்யும். பிரஷ்ய ராணுவம் 1820-களில் தன் அதிகாரிகளைப் பழக்குவதற்கு இப்படியொரு மேசைப் போரைக் கையாண்டது. இன்று அதிகம் பேர் கேள்விப்பட்ட பெயர் வார்ஹாமர். இங்கிலாந்தில் 1983-இல் வந்தது. அது முழுக்கக் கற்பனை உலகம். ரோமானியர், நெப்போலியன் என்று நிஜ வரலாற்றை வைத்து ஆடுகிறவர்களும் ஏராளம்.

ஆடும் நேரத்தைவிடப் படையைத் தயார் செய்யும் நேரம்தான் இதில் பல மடங்கு அதிகம். பொம்மைகள் வண்ணம் இல்லாமல்தான் வரும். சில வகைகளில் தலை வேறு, கை வேறு, துப்பாக்கி வேறாக ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து, காலடிக்குத் தரை செய்து நிறுத்துவது உங்கள் வேலை. நாகர்கோவில் பக்கம் இதை வெளியே சொன்னால் "இந்த வயசுல பொம்ம வச்சு வெளையாடுதியாடே மக்கா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆமாம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவார்கள். ஒரு டிராகன், ரெண்டு ரோமானியர், யாரோ விற்ற பழைய டாங்கி ஒன்று. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அழகு. சேர்த்து வைத்தால் பொம்மைக் கடை. படை என்று தோன்றாது. அந்த இடத்தில்தான் தீம், அதாவது படை முழுவதையும் ஒன்றாகக் கட்டும் ஒரு கதை, தேவைப்படுகிறது. அப்படிக் கட்டிய படைதான் தீம் ஆர்மி.

தீம் என்றால் எல்லாருக்கும் ஒரே நிறம் அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நிறம் கடைசியில் தானாக வந்து சேரும். அதற்கு முன்னால் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் மூன்று: இவர்கள் யார், எங்கே நிற்கிறார்கள், எந்த ஆண்டு. மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டால் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது, என்ன நிறம், என்ன தரை எல்லாம் வரிசையாக முடிவாகிவிடும். என்னைக் கேட்டால், தீமின் பெரிய உபயோகமே வேண்டாம் என்று சொல்ல அது கொடுக்கும் தைரியம்தான். எவ்வளவு அழகான பொம்மையாக இருந்தாலும் "இவன் இந்த ஆண்டு இந்த ஊரில் இருந்திருக்க மாட்டான்" என்று சொல்லிக் கடந்துவிடலாம். பர்சுக்கும் நல்லது.

கற்பனை உலகப் படைக்கும் இதே கேள்விகள்தான். எலும்புக்கூட்டுப் படை வாங்கினால், இவர்கள் கடலில் மூழ்கி இறந்தவர்கள், முட்டம் பாறைகளுக்கிடையே இரவில் ஏறி வருகிறார்கள் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எலும்பில் பாசிப் பச்சை, வாளில் துரு, காலடியில் ஈரப் பாறை என்று மூன்று விஷயம் உடனே முடிவாகிவிட்டது.

ஆண்டு மாறினால் படை மாறும்

நம் குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு வரலாற்றுத் தீம் தேட வெளியே போக வேண்டியதே இல்லை. 1741 தொடக்கத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சலில் இறங்கியது. கரையோரத்தைப் பிடித்துக்கொண்டு அன்றைய தலைநகரான பத்மநாபபுரத்தை நோக்கி நகர்ந்தது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களைத் திரும்பக் குளச்சலுக்கே விரட்டி, அவர்கள் அமைத்திருந்த தடுப்பரணை முற்றுகையிட்டது. உள்ளே இருந்த வெடிமருந்து தீப்பிடித்தது. ஆகஸ்டில் டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனாய். அவரை மார்த்தாண்ட வர்மா தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். ஐரோப்பிய முறையில் அணிவகுக்கவும் சுடவும் திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கியவர் அவர்தான். 1777-இல் இறந்தார். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள்.

இப்போது மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். எந்த ஆண்டு? 1741 என்றால் உங்கள் திருவிதாங்கூர்ப் படையில் வாளும் வட்டக் கேடயமும் ஏந்திய வெற்றுடம்பு நாயர் வீரர்கள், திரித் துப்பாக்கிக்காரர்கள், சில பீரங்கிகள். டி லனாய் எதிர் மேசையில் நிற்பார். பத்துப் பதினைந்து ஆண்டுகள் தள்ளி வைத்தால் அதே டி லனாய் இந்தப் பக்கம் வந்துவிடுவார். வரிசை கட்டி நின்று ஒரே நேரத்தில் சுடும் பயிற்சி பெற்ற காலாட்படை அவருக்குப் பின்னால் நிற்கும். 1809 என்று வைத்தால் கதையே வேறு: எதிரி ஆங்கிலேயக் கம்பெனி, தலைவர் தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாய், சண்டை நடக்கும் இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய். ஒரே நாடு, ஒரே மக்கள், மூன்று வெவ்வேறு படைகள். "திருவிதாங்கூர்ப் படை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனால் மூன்றையும் கலந்து வாங்கி வருவீர்கள்.

தொடங்குகிறவருக்கு நான் 1741-ஐயே சிபாரிசு செய்வேன். அதுவும் திருவிதாங்கூர்ப் பக்கத்தை. தேசப்பற்று ஒரு காரணம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கியக் காரணம் பெயிண்ட். ஐரோப்பியச் சிப்பாய்க்குக் கோட்டு, கோட்டின் மடிப்பு, பொத்தான், குறுக்கு வார், முக்கோணத் தொப்பி, காலுறை என்று அடித்துக்கொண்டே போக வேண்டும். நம் ஆளுக்குத் தோல், வேட்டி, கேடயம், வாள். நான்கே நான்கு.

எவ்வளவு பெரிய பொம்மை

அளவு இரண்டு மூன்று வகைப்படும். ஆள் உயரம் 28 மில்லிமீட்டர் என்பதுதான் இன்று பரவலானது. முகம் தெரியும், கண்கூட வரையலாம், விலையும் அதற்கேற்ப இருக்கும். 15 மில்லிமீட்டர் பெரிய போர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் 1/72, அதாவது நிஜ அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, என்று ஒன்று உண்டு: 170 சென்டிமீட்டர் ஆள் அதில் 24 மில்லிமீட்டர் உயரம் வருவார். 1/72 பொம்மைகள் பெட்டிக்கு நாற்பது சொச்சம் காலாட்கள் என்ற கணக்கில் மலிவாகக் கிடைக்கும். முதல் படைக்கு அதுவே போதும்.

குளச்சல் நாயர் வீரன் என்று அட்டையில் எழுதிய பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். அலெக்சாந்தரை எதிர்த்த போரஸின் படை என்ற பெயரில் பழங்கால இந்திய வீரர்களைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. வெற்றுடம்பு, இடுப்பில் வேட்டி, கையில் வில் அல்லது கேடயம். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறதே என்றால், இரண்டு சென்டிமீட்டர் ஆளில் அது தெரியாது. வில்லை வெட்டி எடுத்துவிட்டு வாள் வையுங்கள். கேடயம் நீளமாக இருந்தால் சீவி எறிந்துவிட்டு, காகிதம் துளைக்கும் பஞ்ச் மிஷினில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைக் குத்தினால் விழும் வட்டத்தை ஒட்டுங்கள். அதன் விட்டம் சுமார் ஆறு மில்லிமீட்டர். 1/72-இல் நிஜத்தில் நாற்பது சென்டிமீட்டர் கேடயத்துக்குச் சமம். நடுவில் ஒரு சொட்டுப் பசை விட்டு உலர்த்தினால் குமிழும் ஆயிற்று. இப்படி ஒரு பொம்மையை இன்னொன்றாக மாற்றுவதைக் கன்வர்ஷன் என்பார்கள். தீம் ஆர்மியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

வாளும் உடையும் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வரலாம். பழைய போர்க்கருவிகளை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.

த்ரீடி பிரிண்ட் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். தாராளமாக. ஆனால் திரவ ரெசினில் அச்சடிப்பதாக இருந்தால் முழுதாக இறுகாத ரெசினை வெறுங்கையால் தொடாதீர்கள், தோலுக்கு ஆகாது. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பனங்கட்டை பீரங்கி

படையில் என்னென்ன வேண்டும்? முதல் கட்டமாக வாள்வீரர் இரண்டு குழு, துப்பாக்கிக்காரர் ஒரு குழு, குழுவுக்குப் பத்துப் பேர், ஆட்களோடு ஒரு பீரங்கி, ஒரு தளபதி. முப்பத்தைந்து பேருக்குள் அடங்கிவிடும். இதுவரை எந்தப் படைக்கும் பொருந்தும் கணக்கு. இது குளச்சல் படைதான் என்று பார்த்தவுடன் தெரிய இன்னும் ஒன்று வேண்டும்.

பனைமரத்தை வெட்டி, மாட்டுவண்டிகளில் ஏற்றி, தூரத்திலிருந்து பார்க்கிற டச்சுக்காரனுக்குப் பீரங்கி வரிசையாகத் தெரியும்படி நிறுத்தினார்கள் என்று நம் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். குளச்சல் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு துப்பாக்கிக்காரர்களைப் போல வரிசையில் நின்றார்கள் என்றும் சொல்வதுண்டு. வாய்வழிக் கதைதான். ஆனால் தீமுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு மாட்டுவண்டி செய்யுங்கள். இரண்டு மீட்டர் பனங்கட்டை 1/72-இல் 28 மில்லிமீட்டர் நீளம், பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிய கனம். வீட்டுப் பின்னால் கிடக்கும் காய்ந்த குச்சியில் அந்த அளவுக்கு ஒரு துண்டு நறுக்கி எடுத்தால் போதும். ஒரு முனையில் மட்டும் கறுப்புப் புள்ளி வையுங்கள், பீரங்கி வாய் மாதிரி. மீதியைக் கருப்பு அடிக்காமல் பனையின் சாம்பல் பழுப்பிலேயே விட்டுவிடுங்கள். தூரத்தில் பார்த்தால் பீரங்கி, குனிந்து பார்த்தால் பனை. மேசைக்கு வருகிற யாரும் முதலில் கேட்பது அந்த வண்டியைப் பற்றித்தான் இருக்கும்.

விதிகளில் இதற்கு இடம் உண்டா என்றால், உண்டாக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான ஆட்டங்களில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு புள்ளி விலை இருக்கும். இருவரும் சமமான புள்ளிக்குப் படை எடுத்து வருவார்கள். ஜெயிப்பது ஒன்றே குறி என்றால் விலைக்கு அதிக வலு கொடுக்கும் குழுக்களை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். தீம் ஆர்மி கட்டுகிறவர் அப்படிப் பொறுக்க முடியாது, அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தோற்பார். எனக்கு அதில் வருத்தமில்லை. பொய்ப் பீரங்கி வண்டிக்குச் சொற்பப் புள்ளி வைத்து, எதிரி ஒன்பது அங்குலத்துக்குள் வரும்வரை அதை நிஜப் பீரங்கியாகவே கருத வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டால் ஆட்டமே சூடு பிடிக்கும்.

பெயிண்டுக்கு முன்னால்

1/72 பொம்மைகள் பெரும்பாலும் வளையக்கூடிய மெத்தென்ற பிளாஸ்டிக்கில் இருக்கும். அச்சிலிருந்து எடுத்தபோது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு மேலே இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். வாளோ துப்பாக்கியோ வளைந்திருந்தால் சூடான தண்ணீரில் சற்று முக்கி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அப்படியே நின்றுவிடும். அச்சின் இரு பாதி சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டைக் கூரான பிளேடால் சீவ வேண்டும். இந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நூல் நூலாகப் பிரிந்து அசிங்கமாகிவிடும்.

அடுத்து பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிக்க அடியில் போடும் பூச்சு. வெளியூர் வீடியோக்களில் எல்லாரும் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நம் ஊரில் அது மாதம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழையும் பெறும் மாவட்டம் இது. கூடவே கடல் காற்று. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது ஸ்ப்ரே அடித்தால் பூச்சு மணல் மணலாக விழும். பெயிண்டைக் காக்கக் கடைசியில் அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துப் போகும். பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளின் முற்பகலில் அடிக்கலாம். இல்லாவிட்டால் பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமரை வாங்கிக்கொள்ளுங்கள். மழையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வளையும் பொம்மைகளுக்கு இன்னொரு வழி: பிரைமருக்கு முன் தண்ணீர் கலந்த பெவிகாலை ஒரு சுற்று மெல்லப் பூசி உலர விடுவது. மேலே வரும் பெயிண்ட் உதிராமல் அது பிடித்துக்கொள்ளும்.

ஐஸ் குச்சியின் மேல் டபுள் டேப் ஒட்டி, நான்கைந்து பேரை இடைவெளி விட்டு நிறுத்திக்கொண்டால் பொம்மையைத் தொடாமல் பெயிண்ட் அடிக்கலாம்.

தோலும் வேட்டியும்

இந்தத் துறைக்கென்றே தயாரிக்கும் வாலேஹோ, சிட்டாடல் பெயிண்டுகள் வெளிநாட்டுச் சரக்கு. நிறமிகள் மிக நுண்ணியவை, ஒரே பூச்சில் மூடும். ஆனால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கேமல் அக்ரிலிக்கிலேயே இந்தப் படையை முடிக்கலாம். ஒரு பூச்சுக்கு இரண்டு பூச்சு ஆகும், அவ்வளவுதான். எந்தப் பெயிண்டானாலும் டப்பாவிலிருந்து நேராக எடுத்துப் பூசாதீர்கள். ஒரு தட்டில் விட்டு, தண்ணீர் கலந்து, பால் பதத்துக்குக் கொண்டு வந்து அடியுங்கள். கெட்டியாகப் பூசினால் முகமும் விரல்களும் பெயிண்டுக்குள் புதைந்துவிடும்.

தோலுக்குப் போவோம். கடையில் ஸ்கின் கலர் என்று எழுதிய டப்பா இளஞ்சிவப்பாக இருக்கும்; அதை டச்சுக்காரனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆளுக்கு முதல் பூச்சு பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு, அதில் துளி சிவப்பு. காய்ந்ததும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை எடுத்து, அக்குள், விலா இடுக்கு, முழங்கை மடிப்பு, கழுத்துக்குக் கீழ் ஆகிய பள்ளங்களை விட்டுவிட்டு மேடான இடங்களில் மட்டும் அடியுங்கள். மூன்றாவதாக அதே சியன்னாவில் கொஞ்சம் யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள் கலந்து தோள்பட்டை, மூக்கு நுனி, கன்ன எலும்பு, முட்டி. வெளிச்சம் விழும் இடத்தைக் காட்ட வெள்ளையைக் கலக்க வேண்டும் என்று தோன்றும். கலக்காதீர்கள், தோல் சாம்பல் பூத்துவிடும். ஓக்கர்தான் கதகதப்பைக் காப்பாற்றும். எல்லாருக்கும் ஒரே நிறமும் வேண்டாம். சிலருக்கு அம்பர் தூக்கலாக, சிலருக்குச் சியன்னா தூக்கலாக விட்டால் பத்துப் பேர் பத்து ஆளாகத் தெரிவார்கள். குளச்சல் சந்தையில் நின்று பார்த்தால் எத்தனை நிறம் இருக்கிறதோ அத்தனையும் இங்கேயும் இருக்கலாம்.

வேட்டிதான் கஷ்டம். வெள்ளை என்பது பெயிண்ட் அடிப்பவர்களின் ஜென்ம விரோதி. டப்பா வெள்ளையை நேராகப் பூசினால் மடிப்பெல்லாம் மறைந்து, இடுப்பில் சுண்ணாம்பு அப்பியதாகத் தெரியும். வெள்ளைத் துணியை வெள்ளையாகத் தொடங்கக் கூடாது. நெய்து வந்த கோடி வேட்டியின் மங்கலான நிறத்தை மனதில் வையுங்கள்: வெள்ளையில் கொஞ்சம் ஓக்கர், ஒரு துளி அம்பர். அதை வேட்டி முழுக்க அடித்துவிட்டு, நன்றாகத் தண்ணீர் விட்ட பழுப்பை மடிப்புப் பள்ளங்களில் மட்டும் பிரஷ் நுனியால் ஓட விடுங்கள். இந்தத் தண்ணி பெயிண்டுக்கு வாஷ் என்று பெயர். வாங்கவும் கிடைக்கும், வீட்டில் செய்வதானால் கலவையில் பிரஷ் நுனி அளவு பாத்திர சோப்பு சேர்த்தால் சொட்டாக நிற்காமல் பள்ளத்துக்குள் ஓடும். வாஷ் முழுதாகக் காய்ந்த பிறகு முதலில் அடித்த மங்கல் நிறத்தில் வெள்ளையைக் கூட்டி மடிப்பின் மேட்டில் இழுங்கள். கடைசியில் சுத்த வெள்ளை, அதுவும் மடிப்பின் முகட்டில் மட்டும், தலைமுடி கனத்தில். அரை மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். வெளுத்த வேட்டி தெரியும். உண்மையில் அதில் பாதிக்கு மேல் பழுப்பு.

பத்துப் பத்துப் பேராகச் செய்யுங்கள். பத்துப் பேருக்கும் தோல், அப்புறம் பத்துப் பேருக்கும் வேட்டி. ஒரே ஆளை முழுதாக முடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனால் நிறம் ஆளுக்கு ஆள் தாறுமாறாகப் போகும். மொத்தப் படையையும் ஒரேயடியாக வரிசையில் வைத்தால் சலித்துப் போய் அலமாரியில் ஏற்றிவிடுவீர்கள்.

படை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் நிறம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்தப் படைக்கு நான் சிவப்பு என்பேன்: ஒருவனுக்கு இடைக்கச்சையில், ஒருவனுக்குக் கேடயத்தில், ஒருவனுக்கு வாள் பிடியில் கட்டிய துணியில். எல்லாரிடமும் கொஞ்சம், யாரிடமும் அதிகமில்லை. கொடியில் மட்டும் தாராளமாக வரலாம். திருவிதாங்கூர் என்றால் சங்கு. ஒரு சென்டிமீட்டர் கொடியில் சங்கை வரைய முயல வேண்டாம். ஏ4 தாளில் உள்ளங்கை அளவுக்கு வரைந்து வண்ணம் தீட்டி, ஜெராக்ஸ் கடையில் கலரில் குறைத்து எடுத்து, பெவிகால் தடவி ஈர்க்குக் கம்பில் சுற்றுங்கள். ஈரமாக இருக்கும்போதே நெளித்துவிட்டால் காற்றில் பறக்கும்.

காலடி மண்

படையை ஒன்றாகக் கட்டிப் போடுவது பெயிண்டைவிடத் தரைதான் என்பது என் கட்சி. ஒவ்வொரு பொம்மையும் நிற்கும் வட்டுக்கு பேஸ் என்று பெயர். அது வட்டமா சதுரமா, எத்தனை மில்லிமீட்டர் என்பது எந்த விதித்தொகுப்பில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒட்டுவதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மிடம் செம்மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஒரு பிடி எடுத்து, பழைய டீ வடிகட்டியில் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்தால் ஈரமும் பூச்சியும் போகும். பேஸில் பெவிகால் தடவி மண்ணில் முக்கி எடுங்கள். பசை உறிஞ்சிய மண் கறுத்துத் தெரியும். ஆகவே நிஜ மண்ணாகவே இருந்தாலும் மேலே பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும்: அடர் செம்பழுப்பு அடித்து, காய்ந்ததும் ஈரமில்லாத பிரஷ்ஷில் இளஞ்செம்மண் நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, மேலோட்டமாக உரசுங்கள். மேடுகள் மட்டும் நிறம் பிடிக்கும். இதுதான் ட்ரை பிரஷ்.

இங்கே மறுபடியும் தேதியைப் பாருங்கள். முற்றுகை முடிந்தது ஆகஸ்டில். ஆடி மாதம், சாரல் அடிக்கும் நேரம். புழுதி பறக்கும் காய்ந்த தரை இந்தப் படைக்குப் பொருந்தாது. பேஸில் இரண்டு மூன்று பள்ளம் விட்டு, மேட் வார்னிஷ் அடித்து முடித்த பிறகு அந்தப் பள்ளத்தில் மட்டும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் வையுங்கள், தண்ணீர் தேங்கியிருக்கும். வீரனின் பாதத்திலும் வேட்டிக் கரையிலும் செம்மண் நிறத்தை லேசாகத் தொட்டுவிட்டால் அவன் அந்தச் சேற்றில் நடந்து வந்தவனாகிவிடுவான். மேசையில் வயல் வைப்பதாக இருந்தால் கன்னிப்பூ என்ற முதல் போக நெல் கதிர் பிடித்து மஞ்சளாகத் திரும்பும் பருவம், நடவு வயல் அல்ல.

கடற்கரை மணல் வேண்டுமா? நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி உப்பைப் போக்கிவிட்டு எடுங்கள், இல்லையேல் மாதக் கணக்கில் வெள்ளையாகப் பூக்கும். குளச்சலுக்கு அடுத்த மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கும் மணல் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அது இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்தது. கூடவே தோரியம் உள்ள, லேசான கதிர்வீச்சு கொண்ட மோனசைட்டும் உண்டு. பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் அதைப் பிரித்தெடுக்கிறது. அதை அள்ளி வந்து வீட்டில் வைக்காதீர்கள். சாதாரண மணலில் கறுப்புப் பெயிண்ட் உரசினால் அதே தோற்றம் வரும்.

புல்லுக்குத் தேங்காய் நார். கட்டாக எடுத்து அடியில் பசை தொட்டு, பேஸில் நட்டு, உலர்ந்ததும் கத்தரியால் மட்டமில்லாமல் நறுக்குங்கள். பச்சை அடித்தால் புல், அடிக்காமல் விட்டால் சருகு. தென்னைக்குக் கம்பியில் நூல் சுற்றி பெவிகால் பூசினால் தண்டு. ஓலைக்குக் காகிதத்தை நீள இலையாக வெட்டி இரு பக்கமும் நறுக்கிவிட்டால் ஆயிற்று. உயரத்தில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். இருபது மீட்டர்த் தென்னை 1/72-இல் 28 சென்டிமீட்டர் வரும். பொம்மையை நகர்த்தும்போதெல்லாம் கை பட்டுச் சாயும். பதின்மூன்று பதினான்கு சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டால் கண்ணுக்கும் உறுத்தாது.

எதிரிக்கு எங்கே போவது

நம் பக்கத்தில் இதை ஆடுகிறவர்கள் குறைவு. ஆள் கிடைத்தால் அவரிடம் 1741-க்கு ஏற்ற படை இருக்காது. அதனால் டச்சுப் பக்கத்தையும் நீங்களே கட்டி, வருகிற நண்பருக்குக் கொடுத்து ஆடச் சொல்வதுதான் நடைமுறை. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலாட்படை என்று கேட்டு ஒரு பெட்டி வாங்கினால் போதும். முக்கோணத் தொப்பி, நீளக் கோட்டு, முனையில் பயனெட் கத்தி செருகிய துப்பாக்கி. கோட்டைப் புத்தம் புதிதாக அடிக்காதீர்கள். மாதக்கணக்காக இந்த வெயிலிலும் மழையிலும் கிடந்தவர்கள், நிறம் வெளுத்து, ஒருவர் கோட்டைக் கழற்றிச் சட்டையோடு, இன்னொருவர் தொப்பி இல்லாமல். முற்றுகைக்குள் மாட்டியவர்கள் என்ற தீம் அவர்களுக்கும் கிடைத்துவிட்டது.

தடுப்பரணுக்கு ஈர்க்கை 35 மில்லிமீட்டராக நறுக்கிக் கூர் சீவி, நெருக்கமாக நட்டு ஒட்டுங்கள்; இரண்டரை மீட்டர் உயர வேலிக்குக் கணக்கு சரியாக வரும். ஈர்க்கு ரொம்ப மெல்லியதாகத் தெரிந்தால் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டலாம். நடுவில் வெடிமருந்துப் பீப்பாய்கள் நான்கு, தனியாக எடுக்கும்படி. திருவிதாங்கூர் பீரங்கி ஒவ்வொரு முறை சுடும்போதும் இரண்டு பகடை உருட்டுங்கள். இரண்டும் ஆறு விழுந்தால் மருந்து வெடித்தது என்று விதி வைத்தால், பத்து முறை சுட்டாலும் அது நடக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். கூட்டுத்தொகை பதினொன்றோ பன்னிரண்டோ விழுந்தாலே போதும் என்று தளர்த்தினால் பாதிக்கு மேல் ஏறிவிடும். எதை வைப்பது என்பதை டச்சுப் பக்கம் ஆடுகிறவரிடம் ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.